வாக்கரம்மாவும் வழியில் ஏறியவளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. சாமி நம்பிக்கையும் பெரிதாக இல்லை, பங்குனிப் பொங்கலுக்கு ஊரோடு போய் நிற்பேன், கும்பிடுவேன், திரும்பி வருவேன், அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவன் நான். சுடுகாட்டை ஒட்டின மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது சொல்லப்போவதை ஏற்கெனவே கேட்ட ஒன்றிரண்டு பேர் வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்றார்கள். நீங்களும் அப்படிச் சொல்லலாம், எனக்குக் கோபம் வராது. கோபம் என்று இல்லை, கொஞ்ச காலமாக எனக்கு எதுவுமே சரியாக வருவதில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் நடந்தது புரியாது.

என் பெயர் குருசாமி. சிவகாசியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். முன்னால் கத்தாரில் ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தேன், என்னிடம் இருக்கிற இங்கிலீஷ் அங்கே கிடைத்தது. ஊர் திரும்பியதும் ஒரு வேன் வாங்கி, காலையில் கிராமங்களில் ஆள் ஏற்றிப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை பார்த்தேன். என் மனைவி பேச்சியம்மாள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தாள். காகிதக் குழாயில் வெடிமருந்தை அடைக்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் அவள் இருந்த ரூம் வெடித்துப் போய்விட்டது. சத்தம் கேட்டபோது நான் நாரணாபுரம் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்ததை வாங்கினோம், எரித்தோம். நான் அழவில்லை. தைரியமான ஆள் என்று சொன்னார்கள். தைரியம் இல்லை. ரொம்ப நேரம் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தால் கை மரத்துப் போகுமே, கிள்ளினால்கூடத் தெரியாதே, அது உடம்பு முழுக்க வந்து அப்படியே நின்றுவிட்டது.

வேனை விற்றுக் கார் எடுத்தேன். வீட்டில் நானும் மகள் மகேஸ்வரியும்தான். விருதுநகரில் காலேஜ் போகிறாள். நாங்கள் இருவரும் சண்டை போட்டதில்லை, அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை.

அப்படி இருக்கையில் பழக்கமான லாட்ஜ் மேனேஜர் ஒருவர் போன் பண்ணினார். "குரு, லண்டன்லருந்து ஒரு வெள்ளக்காரம்மா வந்திருக்காக. மூணு நாளு வண்டி வேணுமாம். இங்கிலீஷ் பேசுற டிரைவர் வேணும்ங்காக. ஒன்னய விட்டா எனக்கு ஆரத் தெரியும்?" என்றார். போனேன்.

அந்த அம்மா லண்டன் இல்லை, இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் என்கிற பக்கம். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லி, நல்ல உயரம், முட்டிவலி, காலில் பெரிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். பெயர் மார்கரெட் வாக்கர். காரில் ஏறி உட்கார்ந்ததுமே என் பெயரைக் கேட்டார், சொன்னேன். சரி, குடும்பப் பெயர் என்ன என்றார்.

"எங்களுக்கு அது கிடையாது மேடம். அப்பா பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் முன்னால் வரும். எனக்கு மு. முத்தையா மகன். என் மகளுக்கு கு."

"அப்படியென்றால் உங்கள் தாத்தா பெயர்?"

"அது அப்பாவோடு போய்விட்டது."

அதை அவர் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். சாத்தூர் ரோட்டில் ஏறிய பிறகு, "அது பரவாயில்லை போலிருக்கிறதே. சுமை குறைவு" என்றார்.

அவர் வந்த காரியமே அந்தப் பெயர்தான். வாக்கர் என்றால் நடக்கிறவன்தானே என்று கேட்டேன். சிரித்தார். அவர்கள் ஊரிலேயே எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்களாம், ஆனால் அது இல்லையாம். பழைய காலத்தில் ஆட்டு ரோமத்தில் நெய்த துணி தறியிலிருந்து வரும்போது முரடாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் களிமண்ணும் நாள்பட்ட மூத்திரமும் ஊற்றி, வெறுங்காலால் நாள் முழுக்க மிதிக்க வேண்டுமாம். மிதிக்க மிதிக்கத்தான் துணி இறுகி மெத்தென்று ஆகும். அப்படி மிதிக்கிறவனுக்கு வடக்கே வாக்கர் என்று பெயர். அதே வேலைக்குத் தெற்கே வேறு இரண்டு பெயர்கள், ஃபுல்லர், டக்கர். பிறகு ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மரச் சம்மட்டி அடிக்கிற ஆலைகள் வந்து காலுக்கு வேலை இல்லாமல் போனது. பெயர் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை ஒட்டிக்கொண்டே வந்தது.

"எல்லா வாக்கரும் சொந்தக்காரர்கள் இல்லை. ஊருக்கு ஒருத்தன் மிதித்தான், ஊருக்கு ஊர் பெயர் தனியாக முளைத்தது" என்றார். அப்புறம் அது பரவியது. ஸ்காட்லாந்து, அங்கேயிருந்து அயர்லாந்து, அங்கேயிருந்து கப்பலில் அமெரிக்கா. அமெரிக்காவில் அடிமைகளாக வந்த கறுப்பு மக்களுக்கு முதலாளிகளின் பெயர் ஒட்டிக்கொண்டதாம். "ரத்தத் தொடர்பே இல்லாமலும் பெயர் போகும் குரு. அதற்கு யார் என்கிற கணக்கெல்லாம் இல்லை."

வண்டி ஓட்டிக்கொண்டே நான் ஒன்று நினைத்தேன். வேலையை வைத்துத்தான் பெயர் என்றால் பேச்சிக்கு என்ன பெயர் வந்திருக்கும், மருந்து செலுத்துகிறவள் என்று மகேஸ்வரிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் போயிருக்குமா என்று. துக்கமாக நினைக்கவில்லை. சும்மா நினைத்தேன்.

வாக்கரம்மாவுடைய கொள்ளுத்தாத்தா கூடப் பிறந்தவர்கள் மூன்று பேராம். ஒருத்தர் கனடா போனார், ஒருத்தர் ஆஸ்திரேலியா போனார், கடைசித் தம்பி டாம் ரயில் பாதை போடுகிற வேலைக்கு நம்ம பக்கம் வந்தார். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்த அம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அங்கேயும் பெயர் சொல்ல ஆள் இல்லை. இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஒரே தம்பியும் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். இவரோடு அந்தக் கிளை முடிகிறது. டாம் எங்கே முடிந்தார் என்று பார்த்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்றார். அழவெல்லாம் இல்லை, கடையைப் பூட்டுகிறவர் மாதிரி பேசினார். அதனாலேயே எனக்கு அவரோடு இருப்பது சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் அலைந்தோம். விருதுநகர், சாத்தூர், ரயில் பாதை ஓரத்து ஊர்கள், பழைய கல்லறைகள் இருக்கிற இடமெல்லாம் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாத்தூரில் ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு. தயிர்ச்சோற்றைக் கிளறிக்கொண்டே அந்த அம்மா சொன்னார், அவருடைய பாட்டி வீட்டில் ஒரு பேச்சு உண்டாம், டாம் 'செவன் தவுசண்ட் ஃபார்ம்ஸ்'-இல், அதாவது ஏழாயிரம் பண்ணையில் இருக்கிறான் என்று. குடும்பத்தில் எல்லாரும் அவர் இந்தியாவில் ஏழாயிரம் பண்ணைகளுக்குச் சொந்தக்காரராகி, பணத்திமிரில் வீட்டை மறந்துவிட்டார் என்று நினைத்தார்களாம். சித்தப்பா ஒருத்தர் அந்தச் சொத்தைக் கேட்டு வக்கீலைக்கூடப் பார்த்தாராம்.

நான் கையைக் கழுவப் போனவன் திரும்பி வந்தேன்.

"மேடம், அது சொத்து இல்லை. ஊர்."

"என்ன?"

"ஏழாயிரம்பண்ணை. இங்கேயிருந்து கொஞ்ச தூரம்தான். ஊர் பெயரே அதுதான்."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷம் அவனைத் திட்டிக்கொண்டு இருந்தோமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உடனே கிளம்பினோம். சித்திரை வெயில். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது, அங்கங்கே வேலிக்கருவை, தூரத்தில் பட்டாசுக் கம்பெனி ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. பாதி வழியில் ஒரு பெண் ரோட்டோரம் நின்று கையைக் காட்டினாள். வேன் ஓட்டின பழக்கம், யோசிக்காமல் நிறுத்திவிட்டேன். நிறுத்தின பிறகுதான் வாக்கரம்மாவைக் கேட்டேன். தாராளமாக ஏறட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாரையும் போலத்தான் இருந்தாள், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி வைத்த ஒயர் கூடை, முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியாக மின்னியது. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கதவைத் திறந்தாள், ஏறினாள், சாத்தினாள். வேர்வை வாடையும் மருந்து வாடையும் வந்தது. தினமும் வேனில் முகர்ந்த வாடை.

"பண்ணைக்காண்ணே போறீக?" என்றாள்.

"ஆமா. நீ எங்கன எறங்கணும்?"

"அங்கனக்குள்ளதான். இந்தம்மா ஆளத் தேடி வந்திருக்காக போல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெள்ளக்காரவுக வேற எதுக்குண்ணே இந்த வெயில்ல வருவாக? ஊருக்குள்ள போயிராதீக, அங்க ஆருக்கும் தெரியாது. முன்னக்கூடியே கண்மாய்க்கரை வரும். கரைமேல ரெட்ட வேம்பு நிக்கும். அதுக்குக் கெழக்க எறங்குங்க. கல்லு கெடக்கும்."

எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஊர்க்காரிக்கு ஊர்க் கல் தெரியாதா. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள், பஸ் நேரத்துக்கு வருவதில்லை, கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இப்படி. கண்ணாடியில் பார்த்தால் வாக்கரம்மா அவள் பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே இங்கிலீஷில் "ஆமாம்", "அப்படியா" என்றார். பாஷை தெரியாதவர்கள் மரியாதைக்குச் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு இடத்தில் அவள், "தண்ணி இருக்காண்ணே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வாக்கரம்மா, "ஆமாம், ஆமாம், எடுத்துக்கொள், எனக்கு இனி எதற்கு?" என்று இங்கிலீஷில் சொன்னது கேட்டது. பாட்டிலைக் கொடுக்கிறார் என்று நினைத்து நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இங்கன எறக்கி விடுங்கண்ணே" என்றாள். கண்மாய்க்கரை. இறங்கிக் கரையோடு நடந்து போனாள். நான் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தபோது கருவை மறைவில் போயிருந்தாள். மறைந்துபோனாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மறைவு இருந்தது, போனாள்.

ரெட்டை வேம்பு இருந்தது. கிழக்கே இறங்கினோம். ஒரு கல், ஆள் படுக்கிற நீளம், பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. எழுத்து ஏதும் இல்லை, இருந்திருந்தாலும் தேய்ந்து போயிருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார்.

"அது தொரைக்கல்லுய்யா" என்றார். "ஆரு தொரைன்னு கேக்காதீக. எங்கய்யா காலத்துலயே இது கல்லாத்தான் கெடந்துச்சு. மழை பேஞ்சா குழியில தண்ணி நிக்கும், ஆடு குடிக்கும்."

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன், சட்டை போட்டிருந்தாள், கூடை வைத்திருந்தாள் என்று.

"கம்பெனிக்குப் போற பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான இருப்பாக. இதுல எவளன்னு சொல்ல?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வாக்கரம்மா கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து, "மறந்துவிட்டேனே குரு, உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்" என்றார்.

"யாரு?"

"வண்டியில் வந்தவள். உங்கள் மனைவி சாப்பிட்டுவிட்டாளாம். சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் போனாளாம். நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாமாம். அவள் உங்கள் வீட்டுப் பக்கமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டில் மனைவி எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கிறாள், வழியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தகவல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி இறந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாளில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது மகேஸ்வரிக்கும் தெரியாது. பேச்சி போனது சாப்பாட்டு வேளை. சிலர் சாப்பிட்டிருந்தார்கள், சிலர் வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்தார்கள். அவள் தூக்குவாளி கிடைக்கவே இல்லை. எப்படிச் செத்தாள், வலித்திருக்குமா, யார் மேல் தப்பு, இதெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை. பசியோடு போனாளா என்று மட்டும்தான் தோன்றும். வண்டி ஓட்டும்போது தோன்றும், பல் விளக்கும்போது தோன்றும். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா மேடம்?" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

"தெரியுமாவா? வழி முழுக்க இங்கிலீஷில்தானே பேசினாள். எனக்கே ஆச்சரியம். என் பாட்டி பேசுகிற மாதிரி, எங்கள் ஊர் பழைய பேச்சு. இப்போது அங்கேயே யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'யூ' என்று சொல்லாமல் 'தீ' என்று சொல்வார்கள். தீ, தீ என்றுதான் என்னைக் கூப்பிட்டாள்."

அவர் சொன்னபோது அந்தத் தீ எனக்கு ஒரு நொடி நம்ம தீயாகக் கேட்டது. நான் குடையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"மேடம், அவள் இங்கிலீஷ் பேசவில்லை. தமிழில்தான் பேசினாள், என்னோடுதான் பேசினாள். இந்தக் கல்லுக்கு வழி சொன்னாள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிற ஆள் இல்லை என்று மூன்று நாளில் அவருக்குத் தெரிந்திருக்கும். "எனக்கு அவள் வழியே சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த இடம், அதனால் நிறுத்தினீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

அவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். டாம் காய்ச்சலில் கிடந்ததையும், ஊர்க்காரர்கள் கஞ்சி ஊற்றியதையும், கடைசி வரைக்கும் பக்கத்தில் ஆள் இருந்ததையும் சொன்னாளாம். அநாதையாகப் போகவில்லை என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு வாக்கரம்மா மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒன்று கேட்டாள் குரு. எனக்கு வேடிக்கையாக இருந்தது. 'எனக்குக் குடும்பப் பெயர் இல்லை, உன்னுடையதை நான் வைத்துக்கொள்ளட்டுமா, உனக்குப் பிறகு யாருக்கும் வேண்டாமே' என்றாள். எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்."

நான் வண்டிக்குப் போய்ப் பின் சீட்டைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் சீல் உடைக்காமல் கிடந்தது. அலுமினியப் பவுடர் சீட்டில் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அது ஒன்றும் அதிசயம் இல்லை, சில சமயம் ஒட்டாது. நான் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆள்.

திரும்பி வருகிறபோது சாத்தூரில் டீ குடித்தோம். என் மனைவி இறந்துபோனவள் என்று அங்கேதான் சொன்னேன். கிளாஸை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நர்ஸ்கள் நாடி பார்க்கிற மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் அதை எதிர்பார்த்திருக்கலாம், வரவில்லை. ராத்திரி வீட்டில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். மகேஸ்வரி அதைக் கவனித்தாள்.

மறுநாள் வாக்கரம்மாவை மதுரையில் விமானம் ஏற்றிவிட்டேன். அது டாமின் கல்தானா என்று எனக்குத் தெரியாது. அவரும் அதைக் கேட்கவில்லை. ஏழாயிரம்பண்ணைக்கு அப்புறம் இரண்டு தடவை போய் விசாரித்தேன். தூக்குவாளிக் கூடையோடு தனியாக நிற்கிற பெண் யார் என்று கேட்டால் யாருக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஊரே அப்படித்தான் நிற்கிறது.

ஆடி மாசம் வாக்கரம்மா போன் பண்ணினார். நன்றாக இருக்கிறேன் என்றார். பேங்கில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வேறு யாருடைய பெயரையோ எழுதுகிற மாதிரி இருக்கிறதாம். கை நின்று நின்று எழுதுகிறதாம். "பயமாக இல்லை குரு. பக்கத்து வீட்டில் நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி லேசாக இருக்கிறது" என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். நான் பேசுவதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காரில் போகும்போது தன் போனில் பதிவு செய்துகொண்டே வந்தாராம். அந்த மத்தியானமும் அதில் இருக்கிறதாம். கேட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை. அனுப்புகிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வாட்ஸப்பில் வந்தது.

காரை நிழலில் நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஏசி சத்தம், டயர் சத்தம். கதவு திறக்கிற சத்தம், சாத்துகிற சத்தம் இரண்டும் இருந்தன. அப்புறம் என் குரல், "ஆமா. நீ எங்கன எறங்கணும்?" என்று. அப்புறம் இடைவெளி. "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" மறுபடி இடைவெளி. அதற்குள் வாக்கரம்மா குரல், "ஆமாம்... அப்படியா..." என்று. மூன்றாவது குரல் இல்லவே இல்லை. நாங்கள் இருவரும் காலியாக இருக்கிற ஒரு இடத்தோடு ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டு போயிருக்கிறோம். மூன்று தடவை கேட்டேன். பயம் வரவில்லை. வெயில்தான் என்று அன்றைக்கு முடிவு பண்ணிக்கொண்டேன், உங்களை மாதிரியே. வாக்கரம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், ஒன்றும் இல்லை மேடம், கார் சத்தம்தான் என்று. சரி என்றார், நிம்மதியாகச் சொன்னாரா ஏமாற்றமாகச் சொன்னாரா தெரியவில்லை.

இதோடு விட்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகேஸ்வரி என் போனை வாங்கினாள், காலேஜ் குரூப்பில் ஏதோ பார்க்க வேண்டும், அவள் போனில் சார்ஜ் இல்லை என்று. நான் குளித்துவிட்டு வந்தால் அடுப்படி வாசலில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாக்கரம்மா அனுப்பியதைத்தான் போட்டிருந்தாள், எதற்குப் போட்டாள் என்று தெரியவில்லை. கொஞ்சம் குனிந்து, கண்ணைத் தரையில் வைத்து, "ம்... ம்..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். போன் மடியில் கிடந்தது. ஓடி முடிந்து, திரை இருட்டாக இருந்தது.

"என்னம்மா கேக்குது?" என்றேன்.

திடுக்கிடவில்லை. ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தாள். "ஒண்ணுமில்லப்பா. வெறும் கார்ச் சத்தந்தான்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கொஞ்சம் இரு என்று யாரிடமோ சொல்கிற மாதிரி மற்றக் காதின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று நினைப்பேன், அழிக்கவில்லை. போனை என் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன். சில நாள் காலையில் எழுந்து பார்த்தால் அது அடுப்படி வாசலில் கிடக்கிறது, அவள் ஹெட்செட் சொருகியபடி.